அக்கா என்று கூப்பிட்டால் பந்து போய்விடும்

பதுளை,
புதன்கிழமை.

அன்புள்ள தம்பி மபாஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்காலைத் தவிர இங்கு எல்லோரும் சுகம். அங்கே நீயும் மச்சியும் பிள்ளைகளும் குளிருக்குப் போர்த்திக்கொண்டு சுகமாயிருக்க துஆ செய்கிறேன். வட்ஸ்அப்பில் சொன்னால் சிரிக்கிற பொம்மை மட்டும் அனுப்புவாய் என்பதால் இந்தக் கடிதம். நீ கேட்ட மாசிக் கருவாட்டுச் சம்பலை இந்த முறை அனுப்ப மாட்டேன். போன முறை போத்தல் உடைந்து தபால் கந்தோரில் நான் பட்ட வெட்கம் போதும்.

விஷயம் பந்து. ஆசிரியர் கல்லூரிகளுக்கிடையே அமெரிக்கக் கால்பந்து என்று சுற்றறிக்கை வந்த அன்றே பீடாதிபதி பரமலிங்கம் என்னைக் கூப்பிட்டு, "உங்கட தம்பி அமெரிக்காவிலதானே? அப்ப நீங்கள்தான் பொறுப்பு" என்றார். நான் புவியியல் படிப்பிக்கிறவள் என்றேன். "அமெரிக்காவும் அதுக்குள்ளதானே வருது" என்றார். இது ஆளை முட்டி விழுத்தாத வகை, இடுப்பில் தொங்கும் நாடாவைப் பிடுங்கினால் போதும். பந்தை வாங்கி, முன்னால் ஓடுகிறவர்களுக்கு எறியும் குவார்ட்டர்பேக் நிவேதிகா. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, அப்படி ஒரு கை. முதல் இரண்டு மாட்ச்சும் வென்றோம், இனிக் கொழும்பில் பிளேஓஃப், இறுதிச் சுற்று என்று பீடாதிபதி பஸ்ஸுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டார். மூன்றாவது மாட்ச்சில் எதிரணிப் பிள்ளை ஒருத்தி தற்செயலாக "அக்கா, இங்க" என்று கத்தினாள், நிவேதிகா பந்தை அவளுக்கே எறிந்தாள். ஒருமுறை இல்லை, ஐந்து முறை.

"ஏன் புள்ள அவளுக்கு எறிஞ்சே?"

"கூப்பிட்டாங்க மிஸ்."

"அவ எதிரணிக்காரி."

"ஆமாங்க மிஸ். ஆனா அக்கான்னு கூப்பிட்டாங்களே."

அவளுக்குக் கீழே தம்பி தங்கைகள் நாலு பேர். தாய் மாரியாயி விடிய மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனால் ரொட்டி, பென்சில், சீப்பு எல்லாம் "அக்கா, குடு" என்ற சொல்லுக்குத்தான் இவள் கையிலிருந்து போகும். காது கேட்டதும் கை கொடுத்துவிடும், மூளைக்குத் தகவல் பிறகுதான். நாலாவது மாட்ச் சிங்களக் கல்லூரியோடு என்று நிம்மதியாயிருந்தேன். அவர்களும் "அக்கே" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இந்த நாட்டில் இரண்டு மொழியும் ஒத்துப்போன இடம் பார்த்து நான் தோற்க வேண்டியிருந்தது. பயிற்சியில் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தோம். விசில் கேட்காமல் கேட்டைத் தாண்டி ஓட்டோ ஸ்டாண்ட் வரை போய்விட்டாள்.

சனிக்கிழமை கடைசி மாட்ச். வென்றால் கொழும்பு, தோற்றால் வீடு. "பந்தைப் பறிகொடுக்கிற குவார்ட்டர்பேக்கை வச்சிக்கிட்டு இங்க எந்தக் கல்லூரியும் பிளேஓஃப் பார்த்ததில்லை, உட்கார வை ராத்தா" என்று நீ போனில் சொன்னதை யோசித்தேன். சரிதான். அவள் பெயரை வெட்டி ஜிப்னாவைப் போட்டிருக்கிறேன். ஜிப்னாவுக்குப் பத்தடி தூரம் எறிய வராது. ஆனால் வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை, உன்னைப் போல. கைக்கு வந்ததை யாருக்கும் கொடுத்த சரித்திரம் இல்லை. பெயர்ப்பட்டியல் நாளை போகிறது. மனம் கஷ்டப்படுகிறது, ஆனாலும் பொறுப்பில் இருக்கிறவள் கொஞ்சம் கல்லாக இருக்கத்தான் வேண்டும்.

அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் குறைந்த பனியும் தரட்டும்.

இப்படிக்கு,
உன் ராத்தா
ஷஹீலா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது, பெயர் வெட்டியதைக் கேள்விப்பட்டு நிவேதிகா வந்தாள். அழவில்லை. இலக்கம் போட்ட சட்டையைத் தோய்த்து மடித்து மேசையில் வைத்தாள், "போயிட்டு வாறேன் மிஸ்" என்றாள். நானும் கல்லாகத்தான் இருந்தேன். கதவடியில் நின்று திரும்பி, "ராத்தா, ஒரே ஒரு மாட்ச் குடுங்க" என்றாள். எங்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம் என்று சொல்லிக் கொடுத்தது ஜிப்னாவாம். பட்டியலை எடுத்ததும் பெயரை மாற்றி எழுதியதும் என் கைதான், எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சனிக்கிழமை முன்னால் ஓடுகிற நம் பிள்ளைகள் நாலு பேரும் எதிரணியை முந்திக்கொண்டு "அக்கா" என்று கத்துவதாக ஏற்பாடு. சம்பலும் வருகிறது, போத்தலை நிமிர்த்தித் திற. எண்ணெய் கசியாமலிருக்க இந்தக் கடிதத்தைத்தான் சம்பலுக்குச் சுற்றியிருக்கிறேன்.