ஈசானியத்தில் ஏறிய விற்பனை

நாட்டின் முன்னேற்றத்தை முன்னிட்டு, காஞ்சிபுரத்துப் பட்டு விற்பனைச் சங்கம் ஒன்றுக்கு 2009-ஆம் ஆண்டில் வலைத்தளம் அருளப்பட்டது. அதைக் கவனிக்கும் திருப்பணி தேவேந்திரனுடையது. பல வருஷமாகவே அவர் தற்காலிகக் கணினி ஊழியர். விற்பனை வரைபடத்தைத் தளத்தில் ஏற்றிவிட்டால் வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாக மேலாளர் ஆதிகேசவன் வாக்குக் கொடுத்திருந்தார்.

தேவேந்திரன் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியைப் பிடித்தார். வருஷத்தையும் விற்பனையையும் கொடுத்தால் போதும், தூண் தூணாக அதுவே வரைந்துவிடும். விற்பனை உண்மையிலேயே கூடியிருந்ததால், இடது பக்கம் குட்டையாகத் தொடங்கிய தூண்கள் வலது பக்கம் போகப்போக உயர்ந்தன.

ஆதிகேசவனுக்கு அப்போது வாஸ்து பிடித்திருந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேருக்குப் பிடித்திருந்ததுதான். ஆனால் மற்றவர்கள் சொந்தச் சுவரை இடித்தார்கள். இவர் சங்கத்துக் கழிவறையை இடித்துவிட்டு, தோதான திசை அமையும்வரை ஊழியர்களைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"மேப்புல மேல வடக்கு தானேப்பா? அப்போ எடது பக்கம் கீழ இது தென்மேற்கு, கன்னி மூலை. ஒசரமா இருக்க வேண்டியது பள்ளமா கெடக்குது. வலது பக்கம் வடகெழக்கு, ஈசானியத்துல மலையாட்டம் ஏத்தி வெச்சிக்கீறே. சங்கம் வெளங்குமா?"

"விற்பனை ஏறிக்கினு போவுது சார். தூணும் ஏறத்தானே செய்யும்?"

"ஏறட்டும்பா, யாரு வேணாம்னாங்க? கன்னி மூலையில ஏறட்டும்."

தேவேந்திரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிரந்தர வேலை நினைவுக்கு வந்ததும் அணைந்துவிட்டது. வருஷங்களை வலமிருந்து இடமாகத் திருப்பிப் போடும் வசதி அந்த லைப்ரரியில் இருந்தது. ஒரே ஒரு வரியை மாற்றினார். கன்னி மூலையில் தூண் ஓங்கி நின்றது, ஈசானியம் வெட்டவெளியானது. அடியில் எழுதியிருக்கும் வருஷத்தைப் படித்துப் புரிந்துகொள்வார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். அலுவலகங்களில் படிக்கும் வழக்கம் இல்லை என்பது அவருக்கே தெரியும்.

தலைமையகம் படத்தைப் பார்த்தது. விற்பனை படுபாதாளத்துக்குச் சரிந்திருப்பதை ஆழ்ந்த கவலையுடன் பரிசீலித்து, சங்கத்தை நலிவுற்றதாக அறிவித்து, மறுவாழ்வு நிதி ஒதுக்கியது. நலிவுற்ற சங்கத்தில் தற்காலிக ஊழியர்கள் இருக்கக் கூடாது என்பது விதி. தேவேந்திரன் நீக்கப்பட்டார்.

"பாத்தியாப்பா, திருப்பி வெச்ச உடனே நிதி வந்துட்டுது," என்றார் ஆதிகேசவன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

அந்த வயிற்றெரிச்சலோடு தேவேந்திரன் செவிலிமேட்டில் ஒரு கடை போட்டு, 'வலைத்தள வாஸ்து' என்று பலகை மாட்டினார். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக் கடைக்காரர்கள் தங்கள் தளத்துப் படங்களைத் திருப்பிக்கொள்ள வரிசையில் நின்றார்கள். வியாபாரம் நிஜமாகவே படுத்துவிட்ட ஒருவரும் வந்தார். அவருடைய படத்தைத் தேவேந்திரன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, வாஸ்துப்படி இதில் கை வைக்க இடமே இல்லை, ஊரிலேயே உத்தமமான படம் இதுதான் என்று சொன்னார். அந்த மனிதர் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.