துரையோடு ஒரு கிரிவலம்

பூனைக்கு அக்குபஞ்சர் ஊசி போட்டுக்கொண்டு வர வேண்டும். அன்றைய வேலை அவ்வளவுதான்.

பூனையின் பெயர் துரை. வயது பதினாறு. என் மனைவி வளர்த்தது. அவள் போன பிறகும் தினமும் மதியம் அவளுடைய நாற்காலியில் ஏறித்தான் தூங்கும். இரண்டு மாதமாக இடுப்பு பிடித்துக்கொண்டு ஏற முடியவில்லை. நாற்காலிக்குக் கீழே நின்று என்னைப் பார்க்கும். நான் தூக்கி உட்கார வைத்தால், அவமானம் தாங்காமல் இறங்கிப் போய்விடும்.

வேலூரிலிருந்து ஒரு மாட்டு டாக்டரம்மா வருகிறார், கிரிவலப் பாதையில் இருக்கும் தன் தங்கை வீட்டில் வயசான பூனைகளுக்கு ஊசி குத்துகிறார் என்றார்கள். பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும்போது மட்டும்தான்.

கூட்டம் சாயந்திரம்தானே வரும் என்று காலையில் கிளம்பினேன். திதி விடியும்போதே ஆரம்பித்துவிட்டதை, பிறந்ததிலிருந்து இந்த ஊரிலேயே இருக்கிற நான் பார்க்கவில்லை!

காய்கறிக் கூடையில் துரை. மேலே துண்டு. ஆட்டோக்காரர் தடுப்புக் கம்பி அருகே இறக்கிவிட்டார்.

"இதுக்கு மேல விட மாட்டாங்க சார். நீங்க சொன்ன வீட்டைத் தாண்டி வந்துட்டோம். பின்னாடி நூறடி நடங்க, அவ்ளோதான்."

பத்தடி நடந்தேன்.

"பெரியவரே! எதிர்ல வர்றீங்க! மலையை யாராவது இந்தப் பக்கமா சுத்துவாங்களா?" என்றார் ஒரு அம்மா.

"சுத்தலம்மா. அதோ அந்த நீல கேட்டுக்குப் போகணும்."

"அதுக்கென்ன, அப்படியே சுத்தி வந்துடுங்க. பதினாலு கிலோமீட்டர்தானே!"

கூட நடந்தவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். எதிரில் வந்த எத்தனையோ வெளியூர்க்காரர்களை நானே இப்படி அதட்டித் திருப்பியிருக்கிறேன். எந்த வாயால் மறுப்பது? வீட்டுக்குத் திரும்பினால் அடுத்த பௌர்ணமி வரை துரை தரையில்தான்.

நடந்தேன்.

இரண்டு லிங்கம் தாண்டியதும் பின்னால் ஒரு குரல். "ஐயா, கூடைல என்ன, புளியோதரையா?"

"பூனைங்க."

"குடுக்க மனசில்லன்னா இல்லன்னு சொல்லுங்க. எதுக்குப் பூனைங்கறீங்க?"

அதற்குள் அவருக்குப் பின்னால் ஏழு பேர் வரிசை கட்டிவிட்டார்கள். துண்டை விலக்கினேன். துரை கொட்டாவி விட்டது. வரிசையில் கடைசி ஆள் எதற்கும் இருக்கட்டும் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நீல கேட்டை அடைந்தபோது மதியம் இரண்டு மணி.

"எவ்ளோ நாளா இப்படி நொண்டுறீங்க?" என்றார் டாக்டரம்மா, என் காலைப் பார்த்து.

"பேஷன்ட் கூடைல இருக்கார்ம்மா."

இடுப்பில் ஆறு ஊசி. துரை அசையவே இல்லை.

"இவ்ளோ நிம்மதியா வந்து படுத்த பூனையை நான் பாத்ததே இல்ல. எதுல கூட்டிட்டு வந்தீங்க?"

"நடந்து."

நாலாம் நாள் மதியம். துரை நாற்காலியை அண்ணாந்து பார்த்தது. இரண்டடி பின்னால் போனது. தாவியது. ஏறிவிட்டது!

தைலம் தடவிப் பாயில் கிடந்த நான், எழுந்து கைதட்டப் பார்த்தேன். இடுப்பு வரவில்லை.

துரை மேலிருந்து என்னைப் பார்த்தது. தூக்கிவிடும் எண்ணம் இருப்பதாகத் தெரியவில்லை.