ஹெல்ம்விக் பிரதேசசபையின் மரண அறிவித்தல்

கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டு இருங்கோ. இது உரத்துச் சொல்லுற கதையில்லை.

மெல்பேர்னின் வடக்கு மூலையில் ஒரு நகரசபை. அந்த நகரசபைக்கு ஒரு மண்டபம். மண்டபத்தில் புதன்கிழமை தோறும் பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் எங்கட மூத்தோர் சங்கம் கூடும். இருபத்திரண்டு பேர். விமலாதேவி செயலாளர். அவவின் மகனும் மருமகளும் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவினம். வீட்டில் கதைக்க ஆளில்லை. வாய் திறந்து நாலு மனிசரோடு கதைக்கிறது புதன்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளையும் அவ அந்த ஒரு நாளை வைத்துத்தான் ஓட்டினா.

இப்படியிருக்க, நகரசபைத் தலைவர் விடுமுறைக்குக் கப்பலில் நோர்வே போய் வந்தார். வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை. ஹெல்ம்விக் என்றொரு நாட்டுப்புறப் பிரதேசசபையைச் சகோதரியாக ஏற்றுக்கொண்டு வந்தார். கப்பல் அங்கே நாற்பது நிமிடம் நின்றதாம். 'இன்று முதல் இரு சபைகளும் ஒரே குடும்பம். இன்பத்திலும் துன்பத்திலும் பங்காளிகள்' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதோடு உத்தியோகத்தர் எல்லாரும் மாசி மாதத்து முப்பத்தெட்டுப் பாகை வெயிலில் கம்பளிச் சுவெற்றர் போட்டு, நோர்வே முறைப்படி வாழத் தொடங்கிச்சினம். கந்தோரில் கதிரைகளைத் தூக்கிப்போட்டு மரக்குற்றி வைத்தார்கள். முதுகு நோவுக்கு விண்ணப்பிக்கத் தனிப் படிவம் வந்தது.

பிறகு சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. மண்டபம் பாவிக்கிற ஒவ்வொரு சங்கத்தின் செயலாளரும் சகோதரப் பிரதேசத்தின் வரலாறு, புவியியல் இரண்டிலும் பரீட்சை எழுதிச் சித்தியடைய வேண்டும். தவறினால் அவர்களின் நேரம் ஐஸ்தண்ணிக் குளியல் சங்கத்துக்குப் போகும்.

விமலாதேவி பயப்படவில்லை. அவவின் தம்பி மகேந்திரராஜா முப்பத்தைந்து வருசமாக அதே ஹெல்ம்விக்கில்தான் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறான். எங்கட ஆக்கள் போய் மீன் வெட்டாத ஊர் நோர்வேயில் எங்கே இருக்கு? அன்றைக்கே வட்ஸ்அப்பில் கூப்பிட்டு, ஆறு பக்கம் எழுதி, பாடமாக்கிக்கொண்டு போனா. இருபத்தைந்துக்கு மூன்று புள்ளி வந்தது.

கந்தோருக்குப் போய்க் காரணம் கேட்டா. சமூக இணைப்பு உத்தியோகத்தர் பிரெண்டன் மரக்குற்றியில் நெளிந்துகொண்டே விடைப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஹெல்ம்விக்கை ஒரு வைக்கிங் மன்னன் வாளால் எல்லை கீறி உண்டாக்கினான் என்று அதில் இருந்தது.

"மன்னனும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை," என்றா விமலாதேவி. "மீன் பட்டது, ஆக்கள் வந்தினம். மீன் விட்டுப்போச்சு, ஆக்களும் போட்டினம். ஆக்கள் வரட்டும் எண்டு பாலம் கட்டினவை. மிச்சம் இருந்தவையும் அதாலதான் போனவை. என்ர தம்பி அங்க இப்ப வெளியூர் மீனை வெட்டிக்கொண்டு இருக்கிறான்."

"அங்கே இருப்பவர்கள் பக்கச்சார்பானவர்கள், அன்ரி. அதனால்தான் சிட்னியில் ஆலோசகர் பிடித்து எழுதுவித்தோம்."

"அந்தச் சபையே இப்ப இல்லை. தை முதலாம் திகதி பக்கத்துச் சபையோட சேர்த்து மூடிப்போட்டாங்கள்."

"அதற்கான படிவம் எங்களுக்கு வரவில்லை. படிவம் வரும்வரைக்கும் அது இருக்கிறது."

"படிவம் தந்தால்?"

"தந்தால் இல்லை."

விமலாதேவி சுவரில் தொங்கிய மண்டப விதிகளை மேலிருந்து கீழாக வாசித்தா. குடும்பத்தில் மரணம் சம்பவித்தால் மண்டபத்துக்குப் பரீட்சை தேவையில்லை, முன்னுரிமையும் உண்டு என்று பதினேழாவது விதி சொன்னது. குடும்பம் என்றால் எது என்று கேட்டா. பிரெண்டன் 'ஒரே குடும்பம்' என்ற தலைவரின் தீர்மானத்தை இரண்டு தரம் வாசித்துப்போட்டு, மரணப் படிவத்தை நீட்டினார்.

அன்று பின்னேரமே அறிவித்தல் எல்லாருடைய தொலைபேசிக்கும் போனது, மண்டபத்துக் கண்ணாடிக் கதவிலும் ஏறியது.

'நோர்வேயைப் பிறப்பிடமாகவும், மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தை வதிவிடமாகவும் கொண்ட ஹெல்ம்விக் பிரதேசசபை அவர்கள் தை முதலாம் திகதி காலமானார். அன்னார், காலஞ்சென்ற மீன்வளத்தின் அன்பு மகளும், எரிந்துபோன மரத்தேவாலயம், மூடப்பட்ட பள்ளிக்கூடம் ஆகியோரின் பாசமிகு தாயாரும், ஆயிரத்து நூறு மனிதரினதும் நாலாயிரம் ஆடுகளினதும் காவலரும், எமது நகரசபையின் ஆருயிர்ச் சகோதரியும் ஆவார். உற்றார், உறவினர், நண்பர்கள் புதன்கிழமைகளில் மண்டபத்தில் துக்கம் விசாரிக்கலாம்.'

முதல் புதன்கிழமை கிரெய்கிபர்ன், டார்னெய்ட் என்று மற்றப் புறநகர்களில் இருந்தும் நூற்றிநாற்பது பேர் வந்தார்கள். அறிவித்தலை முழுக்க வாசித்தவர் ஆறு பேர்கூட இல்லை. ரஞ்சினி அன்ரி கண்ணைத் துடைத்தபடி, "நல்ல மனுசி. போன வருசம்கூட இஞ்ச பிள்ளையார் கோயிலில கண்டு கதைச்சனான்," என்றா. நோர்வேயில் இருந்து எப்போது வந்தவ என்று ஒருவரும் கேட்கவில்லை. வடை சூடாக இருந்தது. தலைவர் கறுப்புச் சுவெற்றரில் வந்து, அன்னாரின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது என்று பேசி வியர்த்தார்.

கோப்பி குடிக்கும்போது பிரெண்டன் மெதுவாகக் கிட்ட வந்து, உங்கள் முறைப்படி துக்கம் எத்தனை நாள் என்று கேட்டார். விமலாதேவிக்குப் பெருமை. முப்பத்தொரு நாள், ஒரு நாளும் குறைக்க ஏலாது என்றா. அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை இருபத்திரண்டு பேரும் வந்து நிற்க, மண்டபம் பூட்டியிருந்தது. துவாயோடு வந்த ஐஸ்தண்ணிச் சங்கமும் வெளியில் நின்றது. நகரசபையின் கதவும் பூட்டு. தெருவெல்லாம் குப்பைத்தொட்டி அள்ளாமல் நாறியது. விமலாதேவி பிரெண்டனுக்குத் தொலைபேசி எடுத்தா. பின்னால் அலைச் சத்தம் கேட்டது.

"சகோதரி இறந்தால் சம்பளத்தோடு துக்க விடுமுறை உண்டு, அன்ரி. நீங்கள் சொன்ன முப்பத்தொரு நாளைத் தொழிற்சங்கமும் ஏற்றுக்கொண்டது. நான் கோல்ட் கோஸ்ற் கடற்கரையில் ஆறாத துயரத்தில் இருக்கிறேன்."

இருபத்திரண்டு பேரும் செயலாளரைப் பார்த்தார்கள். துவாய்காரரும் பார்த்தார்கள்.

விமலாதேவி கைப்பையைத் திறந்து பேனையை எடுத்தா. கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலுக்குக் கிட்டப் போய், 'காலமானார்' என்ற சொல்லை வெட்டி, அதற்கு மேலே 'சுகமாகி வீடு திரும்பினார்' என்று எழுதினா.