டப்பா சிரிக்க மறுக்கிறது

மனைவி சிரித்தாள். டப்பா புருவத்தை நெரித்தது.

"பாத்தீங்களா, மறுபடியும் முறைக்குது!"

"இன்னொரு தடவ சிரி," என்றார் அவள் கணவர், போட்டோ ஸ்டூடியோக்காரர், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு.

அவள் பல் தெரியச் சிரித்தாள். டப்பா இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"உங்கம்மா கூட என்னை இப்படிப் பாத்ததில்ல."

டப்பா என்பது சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதமாக வளர்ந்து வரும் ரோபோ. தலை, பிஸ்கட் டின். கண்கள், பிங்பாங் பந்து. புருவம், ஐஸ் குச்சி. உதடு, சிவப்பு ரப்பர் பேண்ட். கழுத்து, ஸ்டூடியோவில் உடைந்துபோன கேமரா ஸ்டாண்டின் மேல்பாகம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்து அதற்குத் தக்கபடி முகம் காட்ட வேண்டும் என்பது திட்டம். முகம் காட்டியது. தக்கபடிதான் இல்லை.

இத்தனையும் மாமனாருக்காக. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கூட்டத்தின் நடுவே நின்று கத்தியவர், மகள் வீட்டுக்கு வந்த பிறகு வாயே திறப்பதில்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவரும் ஃபேனும்தான். போன வாரம் திடீரென்று, "ஞாயித்துக்கிழம ஊருக்குக் கிளம்பறேம்மா," என்றார். ஊரில் அவருக்கு இருப்பது பூட்டிய வீடு மட்டும். மகள் அழுதாள்.

பேச்சுத் துணை இல்லாததுதான் காரணம் என்று ஸ்டூடியோக்காரர் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவரே போய்ப் பேசியிருக்கலாம். அதைவிட ரோபோவைச் சீக்கிரம் முடிப்பது சுலபமாகப் பட்டது.

"ஆமா, இதுக்கு எதைக் காட்டிச் சொல்லிக் குடுத்தீங்க?" என்றாள் மனைவி.

"கடைக் கம்ப்யூட்டர்ல இருக்கற மூஞ்சி எல்லாத்தையும். 'வேணும்'னு ஒரு ஃபோல்டர், 'வேணாம்'னு ஒரு ஃபோல்டர். ஏற்கெனவே பிரிச்சு வெச்சிருக்கேன். வேலை மிச்சம்."

"வேணாம்னா?"

"சிரிச்சவங்க. பாஸ்போர்ட் போட்டோல சிரிக்கக் கூடாதுல்ல."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவருக்கோ பெருமை தாங்கவில்லை. அப்படியானால் அது ஒழுங்காகப் படித்திருக்கிறது!

முறைப்பைக் குரலால் சரிக்கட்டலாம் என்று தோன்றியது. செயற்கையாக இருக்கக் கூடாது என்பதற்காக, கடையில் ஒரு நாள் முழுக்கத் தான் பேசியதையே பதிவு செய்து டப்பாவுக்குள் இறக்கினார்.

மனைவி காபியோடு வந்தாள். "தாடைய இறக்குங்க," என்றது டப்பா.

"யாரப் பாத்து?"

"முடிய ஒதுக்குங்க. காது தெரியணும்."

அவள் காபியை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள். அவருக்கு எட்டாத தூரத்தில்.

சரி, குடும்பப் படங்களைக் காட்டிப் புதிதாகப் பழக்கலாம் என்று ஆல்பங்களை எடுத்தார். ஒன்றில்கூட யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் அவர் எடுத்த படங்கள்.

"நம்ம கல்யாண போட்டோவப் பாருங்க. வெள்ளச் சுவர் முன்னாடி ரெண்டு பேரும் கைதி மாதிரி நிக்கறோம்."

"லைட்டிங் நல்லா இருக்கு."

கடைசி வழி, தானே சிரித்துக் காட்டுவது. டப்பாவின் மூக்கிலிருந்த கேமரா முன் உட்கார்ந்தார். லேப்டாப்பில் எழுத்து வந்தது: 'முகபாவம் இல்லை.' லென்ஸைத் துடைத்தார். மறுபடியும், 'முகபாவம் இல்லை.' லென்ஸையே மாற்றினார்.

"நல்லாத்தானே சிரிச்சேன்!"

"எப்போ?" என்றாள் மனைவி.

ஞாயிறு வந்துவிட்டது. வாசலில் கார் நின்றது. மாமனாரோடு ஒரே பஸ்ஸில் ஓடிய பழைய டிரைவர், அவரை அழைத்துப்போக வந்திருந்தார். மாமனார் பையும் கையுமாக அறையிலிருந்து வெளியே வந்தார். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டூடியோக்காரர் அவசர அவசரமாக டப்பாவைத் தூக்கி வந்து வழியில் வைத்தார்.

"மாமா, உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

மாமனார் மரியாதைக்கு லேசாகச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க," என்றது டப்பா.

"என்னது?"

"நேரா நில்லுங்க. ஆடாதீங்க."

மாமனார் அதை மேலும் கீழும் பார்த்தார். அவருக்குள்ளே தூங்கிக்கொண்டிருந்த கண்டக்டர் விழித்துக்கொண்டார்.

"யாருகிட்டடா ஆர்டர் போடற? ஓடற பஸ்ல ஆடாம எவன்டா நின்னான்? மொதல்ல நீ வழிய விடு! உள்ள போ, உள்ள போ!"

"தாடைய இறக்குங்க."

"படில நிக்காதடா பிஸ்கட் டின்னு!"

"காது தெரியணும்."

"எனக்குக் காது நல்லாவே கேக்குது!" என்று சொன்ன மாமனாருக்கே சிரிப்பு பீறிட்டது. டப்பா கழுத்தை வெட்டித் திருப்பிக்கொள்ள, அவர் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பழைய டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஸ்டூடியோக்காரர் மட்டும் குனிந்து கழுத்துத் திருகாணியை ஆராய்ந்துகொண்டிருந்தார். "மோட்டார் சூடாகுது," என்றார், பாஸ்போர்ட்டில் ஒட்டலாம் போன்ற முகத்தோடு.

டிரைவர் டப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் டப்பாவைப் பார்த்தார்.

"யோவ் கண்டக்டரு, பையக் கீழ வை. 'மாப்பிள்ள என்னப் பாத்து ஒரு நாளும் சிரிச்சதில்ல, நான் இங்க இருக்கறது அவருக்குப் புடிக்கல'ன்னுதானே என்னக் கார் எடுத்துட்டு வரச் சொன்னே? இந்த மனுஷன் தான் பெத்த இந்தப் பிஸ்கட் டின்னப் பாத்தே சிரிக்கலையேய்யா!"