குட்டிச் சாமியும் தங்கராஜின் செருப்பும்

முதலிபாளையத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்த இடமில்லை. பேங்க் மேனேஜருக்குக்கூடக் காத்திருக்காத பனியன் கம்பெனி முதலாளிகள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். உள்ளே தகர செட்டில் ஒன்றரை வயதுக் குட்டிச் சாமி அருள்வாக்கு தந்துகொண்டிருந்தது. வாக்கு என்று பெயர்தான். சாமிக்கு இன்னும் பேச்சு வரவில்லை. இரண்டு தட்டு வைப்பார்கள். சாமி எதைத் தொடுகிறதோ அதுவே தெய்வத்தின் தீர்ப்பு. எந்த ஆர்டரை எடுப்பது, எந்த இடத்தில் சம்பந்தம் பேசுவது, துணிக்கு எந்த நீலம் போடுவது, எல்லாம் அந்தப் பிஞ்சு விரலில் இருந்தது. சாமி இடுப்புத் துணியை நனைத்தால் மட்டும் அருளுக்கு இடைவேளை.

வீட்டில் சாமிக்குக் கவின் என்று பெயர். தாத்தா லிங்கசாமி முன்னாள் நூல் புரோக்கர். எதிரே இருப்பவன் முகத்தைப் பார்த்தே ஆள் எதற்கு மசிவான் என்று கண்டுபிடிக்கிற கில்லாடி. தட்டுகளுக்கு இந்தப் பக்கம் பேரன், அந்தப் பக்கம் தாத்தா. இதுதான் சன்னிதானம்.

தையல் யூனிட் வைத்திருக்கும் தங்கராஜ், மகள் தேஜஸ்ரீயோடு வந்திருந்தார். பக்தர்கள் கூட்டத்தை நம்பி வாசலில் செருப்பை விட முடியுமா? பையில் போட்டு உள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

தேஜஸ்ரீ கோயம்புத்தூரில் குழந்தை வளர்ச்சி உளவியலில் முதுகலை படிக்கிறாள். முதல் வருடம் முடிந்துவிட்டது. இதற்குள் குன்னத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்து சேர்ந்தான். அவள் மேலே படிப்பதா, படிப்பை நிறுத்திக் கல்யாணத்தை முடிப்பதா? சாமி சொன்னபடி செய்கிறேன் என்று தங்கராஜ் வீட்டில் சொல்லிவிட்டார். மகளைக் கேட்டிருக்கலாம். அந்த யோசனை மட்டும் அவருக்கு வரவில்லை.

தேஜஸ்ரீக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு டீ-சர்ட்டை இழுத்துப் பார்த்து, துவைத்துப் பார்த்து, செக்கிங் டேபிளில் விரித்துப் பார்க்கிற மனுஷன் இவர். பெற்ற மகளின் வாழ்க்கைக்குச் செக்கிங்கே கிடையாதாம்.

லிங்கசாமி தங்கராஜின் கையைப் பிடித்து, மனசு எந்தப் பக்கம் சாய்கிறது என்று வாஞ்சையாகக் கேட்டார். காலாகாலத்தில் கல்யாணம் ஆனால் தேவலை என்று அவரும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார். ஒரு தட்டில் அவளுடைய பாடப்புத்தகம், இன்னொன்றில் மஞ்சள் கயிறு வைத்தார்கள். குழந்தை இரண்டையும் பார்த்தது. புரியாமல் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தது. தாத்தாவின் கண் கயிற்றுக்குப் போனது, முகம் மலர்ந்தது. குழந்தை கயிற்றை எடுத்துவிட்டது.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. தேஜஸ்ரீ குழந்தையின் கையைப் பார்க்கவில்லை, தாத்தாவின் அந்த ஒரு பார்வையைத்தான் பார்த்தாள். அவர்கள் ஆய்வகத்தில் குழந்தையை வைத்துச் சோதனை செய்யும்போது தாயின் கண்ணை முதலில் கட்டிவிடுவார்கள். இல்லையென்றால் பதில் சொல்வது தாயா குழந்தையா என்று தெரியாது.

"ஏனுங்கப்பா, ஒரே பீஸைப் பாத்துட்டு மொத்த லாட்டையே பாஸ் பண்ணுவீங்களா?"

"அதெப்படிக் கண்ணு பண்றது?"

"அப்ப இதுக்கும் ரீ-செக்கிங் வேணுமுங்க. இந்தத் தடவை ஐயா கண்ணைக் கட்டிக்கட்டும்."

"தெய்வத்தையே சோதிக்கறதா அம்மிணி?" என்றார் லிங்கசாமி.

"அருள் கொழந்தைக்குத்தானுங்களே. நடுவுல உங்க கண்ணு எதுக்குங்க?"

செக்கிங் என்ற சொல்லைக் கேட்டதும் முதலாளிகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சாமிக்குப் பயந்தவர்கள்தான், ஆனால் செக்கிங் இல்லாமல் சரக்கு அனுப்பிப் பழக்கமில்லாதவர்கள். யாரோ ஒரு பனியன் வேஸ்ட் துணியை நீட்டினார்கள். வேறு வழியில்லாமல் லிங்கசாமி கட்டிக்கொண்டார்.

குழந்தை தட்டுகளைப் பார்த்தது. தாத்தாவைப் பார்த்தது. அங்கே முகத்துக்குப் பதில் பாதி துணி. எதையும் தொடாமல் உதட்டைப் பிதுக்கியது. தேஜஸ்ரீக்கு மனசு கேட்கவில்லை. குழந்தைக்கு எதிரே மண்டியிட்டு, அப்பாவின் பையிலிருந்து ஒரு செருப்பை எடுத்து மூன்றாவதாக வைத்தாள். செருப்பைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

குட்டிச் சாமியின் முகம் மலர்ந்தது. தவழ்ந்து வந்து செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. வாயில் வைக்கப் போனபோது அவள்தான் தடுத்தாள்.

"அப்ப எனக்குக் காட்டுன நீலம்?" என்று பின்னாலிருந்து ஈனக்குரல் கேட்டது. போன வாரம் சாமி தொட்ட நீலத்தில் லாட் முழுக்கச் சாயம் போட்டுவிட்ட மாரப்பன்.

தங்கராஜ் கயிற்றைக் காட்டினார். "அப்ப மொதல்ல கயித்தை எடுத்தது?"

"அது நீங்க சொன்னதுங்கப்பா. நீங்க அவருகிட்டச் சொன்னீங்க, அவரு மூஞ்சி கொழந்தைகிட்டச் சொல்லுச்சு. என்னைத்தான் யாருமே கேக்கலை."

அவர் தலையைக் குனிந்துகொண்டு தட்டிலிருந்த புத்தகத்தை எடுத்துத் துடைத்து மகளிடம் கொடுத்தார். லிங்கசாமி கண்கட்டை அவிழ்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்ப்பதைவிட அது நல்லது என்று நினைத்தாரோ என்னவோ.

மாரப்பனுக்கு மட்டும் ஆறவில்லை. இதற்கெல்லாம் உங்கள் படிப்பில் என்ன பேர் என்று கேட்டார்.

"ஒண்ணரை வயசுல பெரியவங்க மூஞ்சியப் பாத்து நடந்தா அதுக்கு வளர்ச்சின்னு பேருங்க," என்றாள் தேஜஸ்ரீ. "அம்பது வயசுல கொழந்தை கையப் பாத்து நடக்கறதுக்கு இன்னும் பேரு வெக்கலீங்க. நீங்க கொஞ்சம் யோசிச்சா, நாங்க பேரு தேட வேண்டியதே இல்லீங்க."