இரவல் பட்டும் மார்பளவுப் படமும்

காளியம்மன் துணை

நெல்லிவாசல்நாடு,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணன் சடையன் அவர்களுக்கு, தங்கை ரஞ்சிதம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும், போன மாதம் கன்று போட்ட பசுவும் அம்மன் தயவில் குறையில்லாமல் இருக்கிறோம். கண்ணமங்கலத்தில் நீங்களும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். சாமை முளைத்துவிட்டது. இன்னும் ஒரு மழை பெய்தால் போதும்.

நிற்க. நீங்கள் அனுப்பிய பால்வாடி டீச்சர் வேலைப் படிவம் வந்தது. எல்லாக் கட்டத்தையும் நானே நிரப்பி இந்தக் கவரில் வைத்திருக்கிறேன். கூடவே என் போட்டோவும் இருக்கிறது. அதைப் பார்த்ததும் கவர் மாறி வந்துவிட்டதோ என்று நினைப்பீர்கள். மாறவில்லை, நான்தான். அது எப்படி நான் ஆனேன் என்பதை விவரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வியாழக்கிழமைக்குள் நீங்கள் அதை ஆபீசில் கொடுக்கும்போது கூடவே நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். இந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். காலண்டர் தாளையும் பஜனைப் புத்தகத்தையும் வைத்து நானாகப் படித்துக்கொண்ட எழுத்து அடுப்படியோடு நின்றுவிடக் கூடாது, நாலு குழந்தைகளுக்காவது போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை.

இந்த வேலைக்காகத்தான் அம்மனிடம் வேண்டிக்கொண்டு இந்த ஆடியில் காப்புக் கட்டினேன். கட்டின மறுநாளே உங்கள் கவர் வந்தது. கேட்டதைக் கொடுத்த அம்மன் நாளையும் கொஞ்சம் பார்த்துக் கொடுத்திருக்கலாம். காப்புக் கட்டினவள் திருவிழா முடியும்வரை மஞ்சள் புடவை தவிர வேறு எதையும் கட்டக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. படிவமோ மார்பளவு போட்டோ கேட்கிறது. ஒடுகத்தூர் ஸ்டூடியோவுக்கு நான் போக வழியில்லை. நல்ல வேளையாக, கோயிலைப் படம் எடுக்க அந்த ஸ்டூடியோக்காரரான சேட்டு, ஜீப்பில் மேலே வருவதாக இருந்தது. ஆகவே படம் எடுக்க ஆள் கிடைத்துவிட்டார், எதை உடுத்திக்கொண்டு நிற்பது என்பதுதான் பாக்கி.

நான் மஞ்சள் புடவையிலேயே நின்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். அது துவைத்துத் துவைத்து மஞ்சளா சந்தனமா என்று சொல்ல முடியாத நிறத்துக்கு வந்துவிட்டது உண்மைதான், முந்தானையில் பொங்கல் வைத்த கரியும் இருக்கிறது. உங்கள் மாப்பிள்ளையின் அக்கா மங்கம்மாள் அண்ணி இதைக் கேட்டதும் புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாடி ரஞ்சிதம், வேலைக்குப் போறவ பாக்க லட்சணமா இருக்க வேணாவா? இதக் கட்டிக்கினு நின்னா, சத்துமாவு வாங்க வந்தவன்னு நெனச்சி கிண்ணத்துல போட்டுக் குடுத்து அனுப்பிடுவாங்க" என்றார். சொன்ன வேகத்தில் வூட்டுக்குப் போய், தன் கல்யாணத்துக்கு எடுத்த ஆரணிப் பட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

காப்போடு பட்டு கட்டலாமா என்று பூசாரி பஞ்சாட்சரம் மாமாவைக் கேட்கப் போனோம். அவர் அவசரப்படாமல் விசாரித்தார்.

"ஒடம்புல மஞ்சத் துணி இருக்குதா?"

"இருக்குதுங்க மாமா."

"போட்டோ எதுவரிக்கும் வரும்?"

"மார்பளவுன்னு போட்டிருக்குதுங்க."

"அப்போ மஞ்சளக் கட்டிக்கினே இரு. மேல தெரியற எடத்துக்கு மட்டும் பட்டப் போத்திக்கோ. போத்தறது கட்றதுல சேராது. ஆபீசருக்கு மேல்பாதி, அம்மனுக்கு முழுசும். ரெண்டு பேருக்கும் கொற இல்ல" என்றார். எனக்கு மனசு லேசாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சேட்டு வந்து, கோயில் சுவரில் கறுப்புத் துணியைக் கட்டி, அதன் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டார். நான் மஞ்சள் புடவைமேல் பட்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். துணிமேல் துணி ஏறினதில் நெல்லு மூட்டைக்குத் தலை முளைத்த மாதிரி இருந்தேன். பக்கத்து வூட்டு முத்தம்மா வேடிக்கை பார்க்க வந்தவள், கழுத்து வெறுமையாக இருக்கிறது என்று தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றி எனக்குப் போட்டாள். சேட்டு தன் பங்குக்குப் பையிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தை எடுத்தார். அது ஓடாது, படத்துக்கென்றே வைத்திருப்பதாம். மார்பளவுப் படத்தில் மணிக்கட்டு எங்கே வரும் என்று கேட்டேன். "கையத் தூக்கிக் கன்னத்துல வைங்கக்கா, தானா வந்துடும்" என்றார். பல்வலிக்காரி மாதிரி வைத்துக்கொண்டேன்.

பட்டு வழுக்கி வழுக்கி இறங்கியது. ஊக்கு குத்தலாம் என்றால், குத்தினால் பட்டு ஓட்டையாகிவிடும் என்று அண்ணி விடவில்லை. கடைசியில் அவரே என் முதுகுக்குப் பின்னால் குந்திக்கொண்டு, பட்டைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நீ சிரி, நான் புடிச்சிக்கிறேன்" என்றார். நான் சிரித்தேன், அவர் பிடித்துக்கொண்டார், சேட்டு எடுத்துவிட்டார்.

இன்று காலையில் சேட்டு படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். என் தோளில் நாலு விரல் இருந்தது. "இது இன்னாங்க?" என்று கேட்டேன். "இதுக்குப் போயி இன்னாக்கா, டச் பண்ணிட்டாப் போவுது" என்று மையைத் தொட்டு, அங்கேயே உட்கார்ந்து சரி செய்தார். விரல்கள் போய்விட்டன. அந்த இடத்தில், பணக்கார அம்மாக்கள் புடவையில் குத்திக்கொள்கிற மாதிரி உள்ளங்கை அகலத்துக்குப் பூ வேலை செய்த ஒரு புரோச்சு வந்துவிட்டது. உங்கள் மாப்பிள்ளை படத்தை வாங்கி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாருது, பஸ் மொதலாளி வூட்டம்மாவா?" என்றார்.

அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததை நிதானமாகப் படித்தேன். மலையில் வாழும் வசதி குறைந்த குடும்பத்துப் பெண்களுக்கே இந்த வேலை என்று போட்டிருக்கிறது. வருமானக் கட்டத்தில் நான் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன். மானாவாரி நிலம், ஒரு புளியமரம், ஒரு பசு. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இந்தப் படத்தை ஒட்டினால் யார் நம்புவார்கள்? மஞ்சள் புடவையில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். ஃபிலிம் தீர்ந்துவிட்டது, இனிமேல் தீமிதிக்குத்தான் வருவேன் என்கிறார் சேட்டு. தீமிதிக்குள் கெடு தாண்டிவிடும்.

ஆகவே அண்ணா, ஆபீசில் கொடுக்கும்போது தயவு செய்து ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பட்டு மங்கம்மாள் அண்ணியுடையது. சங்கிலி முத்தம்மாவுடையது. கடிகாரம் ஸ்டூடியோவுடையது. புரோச்சு யாருடையதும் இல்லை, அது அண்ணியின் விரல். முகமும் தாலிக் கயிறும் என்னுடையவை. இரவல் வாங்கினதையெல்லாம் அன்றைக்கே அவரவர் கையில் சேர்த்துவிட்டேன் என்பதையும் சொல்லுங்கள், நம்பிக்கையான பெண் என்று நினைக்கட்டும். அவர்கள் என்ன கேட்டாலும் நீங்கள் கோபப்படாமல் பேச வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. சின்னவன் நெற்றியில் பூச அம்மன் விபூதி மடித்து வைத்திருக்கிறேன். உங்கள் கைக்கு வந்த காரியம் எதுவும் தவறாமல் முடிய அந்தக் காளியம்மனே கூட நிற்க வேண்டும். கீழே இறங்கும் சேட்டுவிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன், நாளைக்கே உங்களுக்குக் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள தங்கை,
ரஞ்சிதம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் மாப்பிள்ளை ஓடிவந்து ஒரு சேதி சொன்னார். போட்டோவைப் பார்த்து ஆள் எடுப்பதில்லையாம், போட்டோ இல்லாமலே படிவத்தை வாங்கிக்கொள்வார்களாம். ஆபீசர் அம்மாவே வருகிற வெள்ளிக்கிழமை மலைக்கு வந்து, மனு போட்டவர்களின் வீடுகளை நேரில் பார்த்துத்தான் எடுப்பார்களாம். ஆகையால் படிவத்தை மட்டும் கொடுங்கள். படத்தைக் கிழித்துவிடுங்கள். மேலே எழுதின எதையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். நான் மஞ்சள் புடவையில், இருக்கிறபடி, என் வூட்டு வாசலில் நின்றால் போதும். ஆனால் இந்தச் சேதி மங்கம்மாள் அண்ணியின் காதிலும் விழுந்துவிட்டது. ஆபீசர் வந்து பார்க்கிற மாதிரியா வூடு இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனவர், முத்தம்மா வூட்டு ரேடியோவையும் இரண்டு நாற்காலியையும் ஏற்கெனவே எங்கள் வாசலில் இறக்கிவிட்டார். பீரோ தூக்க நாலு ஆள் தேடிப் போயிருக்கிறார். அண்ணா, நீங்கள் வெள்ளிக்கு முன்னால் வந்து, விருந்து என்று ஏதாவது சொல்லி அண்ணியைக் கண்ணமங்கலத்துக்கு அழைத்துக்கொண்டு போங்கள். ஜீப் கிடைக்கவில்லை என்றால் நடந்தாவது வாருங்கள்.