கல்லில்லா அண்ணாச்சியின் கல்

சிறுநீரகக் கல்லால் மானம் போய், அதே கல்லால் மானம் மீண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். கொச்சி மட்டாஞ்சேரியில் என் மிளகுக் கடைக்குப் பக்கத்தில் அரிசி மண்டி வைத்திருக்கும் கல்லில்லா அண்ணாச்சி.

அவர் அரிசியில் கல் கிடையாது. லாரி வந்ததும் சாக்குக்குச் சாக்கு ஒரு சிட்டிகை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பச்சையாக மெல்லுவார். பல்லில் ஒன்று தட்டினாலும் லாரி வந்த வழியே திரும்பும்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. எடை போடத் தொடங்கினால் கடைசி மூட்டை வரை தராசை விட்டு எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் லாபமும் கூடவே எழுந்து போய்விடுமாம். தண்ணீர் குடித்தால்தானே எழ வேண்டும்? அதனால் குடிக்கவே மாட்டார். தகரக் கூரைக்குக் கீழே வேர்த்து வழிய, மத்தியானம் கருவாடும் ஊறுகாயுமாகச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி தராசு.

ஒருநாள் பாதி லாரியில் விலாவைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சரிந்தார். நான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகும்போதும், தராசை யாரும் தொடக்கூடாது என்று கத்திக்கொண்டே வந்தார்.

ஸ்கேனில் கல். செய்தி எங்களுக்கு முன்னால் பஜாருக்குப் போய்விட்டது. எதிரே பிரியாணிக் கடை நடத்தும், எல்லோரும் இக்கா என்று கூப்பிடும் மலையாளி பாய், மண்டியின் பெரிய வாடிக்கைக்காரர், அன்றே அரிசியை நிறுத்திவிட்டார்.

"மென்னு மென்னு வயித்துல சேர்ந்த கல்லாணு சேட்டா. அரிசில இல்லேன்னா எங்கிருந்து வரும்?" என்று மலையாளம் கலந்த தமிழில் என்னிடமே கேட்டார்.

அண்ணாச்சிக்கு வலியைவிட இதுதான் வலித்தது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என் அரிசியில இருந்து போனதா? அத மட்டும் சொல்லுங்க. மிச்சத்தத் தாங்கிக்கிடுதேன்."

டாக்டர் சிரிக்காமல் விளக்கினார். விழுங்கிய மண்ணும் கல்லும் சோற்றுச் சக்கையோடு வெளியே போய்விடும். சிறுநீரகத்துக்குப் போக அதற்கு வழியே இல்லை. தண்ணீர் குறைந்து சிறுநீர் சுண்டும்போது, அதிலிருக்கும் உப்புகள் படிந்து கல்லாகும். வேர்வையும் உப்புச் சாப்பாடும் அதற்குத் துணை. அண்ணாச்சியின் அப்பாவுக்கும் கல் இருந்ததால் குடும்ப வாகும் சேர்ந்துகொண்டது. சின்னக் கல்தான், நிறையத் தண்ணீர் குடித்தால் தானே இறங்கலாம், வடிகட்டிப் பிடித்து வந்தால் சோதித்துவிடலாம் என்றார்.

அண்ணாச்சி சாயா வடிகட்டியோடு தவம் கிடந்தார். வீட்டில் அண்ணி சாயாவுக்குப் புது வடிகட்டி வாங்கிக்கொண்டார்.

ஒரு காலையில் கல் விழுந்தது. கடுகை விடச் சின்னது. சோதனையில் உடம்பிலேயே விளைந்த கல் என்று உறுதியானது. கண்ணாடிக் குப்பியில் அதை ஏந்தி அவர் பஜாரில் நடந்து வந்ததைப் பார்க்க வேண்டுமே, கோப்பை வென்ற கேப்டன் கெட்டார். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். நேராக இக்காவின் கல்லாவில் கொண்டுபோய் வைத்தார்.

"பாத்துக்கிடும். இது நானே உண்டாக்குனது. அரிசிக்கு இதுல ஒரு பங்கும் இல்ல."

இக்கா குப்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தானும் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, மறுநாளைக்கு அரிசி அனுப்பச் சொன்னார்.

இப்போது பாதி எடையில் தராசு நிற்கும். எல்லோரும் தண்ணீர் குடித்தாக வேண்டும். லாபம் எழுந்து போய்விடாதா என்று கேட்டேன். "எங்க போவும்? நம்ம கூடப் போயிட்டு நம்ம கூடத்தான வரும்" என்றார்.

தினமும் மத்தியானம் மண்டியிலிருந்து குரல் வரும்: "வேய், தண்ணி குடிச்சீரா?" குடித்திருந்தாலும் இல்லையென்றுதான் சொல்வேன். திட்டிக்கொண்டே அவர் செம்போடு என் படியேறி வருவது எனக்கு அவ்வளவு பிடிக்கும்.